பிலோமினம்மாள் கேட்ட இரண்டு ஒலிகள்

பிலோமினம்மாளுக்குப் பதினொரு வயதில் பார்வை போனது. இப்போது ஐம்பத்திரண்டு. சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் ஏழாவது மாடி வீட்டிலிருந்தே ஒரு பல் மருத்துவக் குழுமத்துக்கு போன் எடுக்கிறார். யாருக்கு எந்த நாள், எந்த டாக்டர் என்று பதியும் வேலை. காதில் ஹெட்செட், விரல் நுனியில் பிரெயில் கருவி. லேப்டாப் திரையில் வரும் எழுத்தையெல்லாம் அது புள்ளிகளாக எழுப்பித் தரும்.

போன மார்ச்சில் அலுவலகம் அவருக்குப் புது ஹெட்செட் அனுப்பியது. அதற்கான மென்பொருளும் தானாகவே ஏறிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, புள்ளிகள் எழவே இல்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டார். வயரை மாற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

கருவியை விற்ற கடைக்காரர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பழுதாயிடுச்சு மேடம். வெளிநாட்டுக்கு அனுப்பணும், ஆறு வாரம் ஆகும்."

"வயரைச் சொருகினா ஹெட்செட்ல ஒரு சத்தம் கேட்குதே?"

"அது சும்மா விண்டோஸ் சத்தம்."

அவருக்கு வரும் அழைப்புகளை வேறு ஆட்களுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு நாள் மேசைமுன் வெறுமனே உட்கார்ந்திருந்தார். "ஆறு வாரத்துல என்னை மறந்துடுவாங்களோன்னு பயந்தேன்" என்று பிறகு சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகக் கணினிப் பிரிவிலிருந்து ஜாஃபர் வந்தார். முப்பது வயது இருக்கும். லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "அக்கா, நீங்க என்ன கவனிச்சீங்க?"

அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

"சொருகினதும் ஏறுற மாதிரி ஒரு ஒலி. ஒரு செகண்ட் கழிச்சு இறங்குற மாதிரி இன்னொண்ணு."

சத்தம் ஹெட்செட்டுக்குள் மட்டும்தான் வருகிறது. ஜாஃபர் அதை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். வயரைச் சொருகினார், எடுத்தார், மறுபடி சொருகினார்.

"அட, ஆமாக்கா! கருவி செத்திருந்தா முதல் சத்தமே வராது. லேப்டாப் இதைப் பிடிக்குது, உடனே விட்டுடுது. நடுவுல யாரோ பறிக்கிறாங்க லா."

லேப்டாப்பில் மாட்டிய கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து தேடினார். ஒவ்வொரு வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டியபடியே போனார். பிரெயில் கருவியின் பெயரே அங்கு இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஹெட்செட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பெயர் இருந்தது. புது மென்பொருள் இந்தக் கருவியையும் தன்னுடையதென்று நினைத்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

மென்பொருளை நீக்கினார். லேப்டாப்பை மறுபடி இயக்கி, முதலில் பிரெயில் கருவியை மாட்டி, அதன் டிரைவரைப் போட்டார். ஹெட்செட்டைக் கடைசியாகச் சொருகினார். அது தன் மென்பொருள் இல்லாமலே நன்றாக வேலை செய்தது.

பிலோமினம்மாளின் விரல்களுக்கடியில் புள்ளிகள் எழும்பின. 'ரீசைக்கிள் பின்' என்று வாசித்தார்.

"குப்பைத் தொட்டி வந்துடுச்சு தம்பி!" என்று சிரித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கண்டுபிடிச்சது நீங்கதான்க்கா. நான் கேட்டேன், அவ்வளவுதான்" என்றார் ஜாஃபர். அலுவலகத்துக்கு எழுதிய குறிப்பிலும் அப்படியே எழுதினார்.

ஞாயிறு தேவாலயத் திருப்பலியில் நன்றி மன்றாட்டுக்குப் பிலோமினம்மாள் ஒரு பெயர் கொடுத்திருந்தார். வாசித்தவர் 'ஜாஃபர்' என்ற இடத்தில் ஒரு கணம் தயங்கி, பிறகு தெளிவாக வாசித்தார்.

மறுநாள் தஞ்சோங் பகார் கிளையிலிருந்து சின்னராசு போன் செய்தார். அவருக்கும் பார்வை இல்லை; அதே கருவி, அதே ஹெட்செட்.

"அக்கா, என்னோடதை வெளிநாட்டுக்கு அனுப்பப் பெட்டியில போட்டு ஒட்டியே வச்சுட்டாங்க. உங்களைப் பத்தி ஜாஃபர் எழுதின குறிப்பைப் பார்த்துட்டுத்தான் பிரிச்சோம். இப்ப ஓடுது!"

"நல்லா இருங்க தம்பி" என்றார் பிலோமினம்மாள். "லைன்ல ஆள் காத்திருக்காங்க, அப்புறம் பேசறேன்."