முந்தானையில் முடிந்த மருந்துக்குப்பி

எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் பயிற்சி மருத்துவராக இருந்தேன். தொடர்ந்து முப்பத்தாறு மணி நேரம் பணியில் இருந்த ஒரு பிற்பகலில், ஆட்டையாம்பட்டி நெசவாளர் ஒருவருக்கு இதய நோய்க்கான ஊசி போடப் போனேன். அவர் மனைவி தடுத்தார்.

“ஏனுங்க, காலையிலயே நீங்கதானுங்களே போட்டீங்க?”

“டாக்டர் நீங்களா, நானா?” என்று சீறினேன்.

அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மறுபடி வாங்க நேர்ந்தால் கடையில் காட்டுவதற்காக வைத்திருந்த காலி மருந்துக்குப்பி அதில் இருந்தது. நோயாளியின் குறிப்புத்தாளைப் பார்த்தேன். காலை ஏழு மணி; என் கையெழுத்து. இரண்டாவது ஊசி அவர் உயிரையே பறித்திருக்கும்.

“சித்த நேரம் உக்காருங்க சாமி. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது” என்றார் அந்த அம்மாள்.

எல்லாவற்றையும் எழுதிவைக்கும் நான், அன்று நாட்குறிப்பில் இதை மட்டும் எழுதவில்லை. இன்று பயிற்சி மருத்துவர்களின் பணிப்பட்டியலை நான்தான் தயாரிக்கிறேன். இரவுப்பணிக்கு மறுநாள் கட்டங்களில் முதலில் ‘ஓய்வு’ என்று எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.