சூசைராஜின் கடன்களும் மரைக்காயரின் நாற்காலியும்

“சார், எங்க அப்பாவ அடக்கம் பண்ணுன குழியிலயே எங்க வீட்டையும் சேத்துப் புதைச்சுட்டாரு சார், அந்த மரைக்காயர் மாமா!”

காரைக்காலில் என் வக்கீல் ஆபீஸுக்குள் நுழைந்ததும் ஸ்டெல்லா சொன்ன முதல் வாக்கியம் இதுதான். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, விஷயத்தை வாங்குவதற்குள் எனக்கே வேர்த்துவிட்டது.

ஸ்டெல்லா பள்ளி ஆசிரியை. வாடகை வீட்டில் இருந்தார். அப்பா சூசைராஜ் பந்தல் கான்ட்ராக்டர். உயிலில் வீட்டை ஒரே மகளுக்கு எழுதிவிட்டு, அதை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டராகத் தன் நண்பரைப் போட்டிருந்தார். திருமலைராயன்பட்டினத்தில் கயிறு, தார்ப்பாய் வியாபாரம் செய்யும் மரைக்காயர் அவர்.

1. கல்லறையில் ஓர் அறிவிப்பு

அடக்கத்தன்று ஃபாதர் ஜெபத்தை முடித்ததும் மரைக்காயர் முன்னால் வந்து நின்று, “சூசைராஜ் யாருக்காச்சும் பாக்கி வச்சிருந்தா எங்கிட்ட வாங்க. நான் பொறுப்பு” என்று உரக்கச் சொல்லியிருக்கிறார். முஸ்லிம்கள் ஜனாஸா தொழுகையின்போது இப்படி அறிவிப்பது வழக்கம். இறந்தவர் கடனோடு போகக் கூடாது என்பார்கள். கத்தோலிக்கக் கல்லறையில் அதைக் கேட்டவர்கள் அசந்துபோனார்கள். ஸ்டெல்லா நேராக என்னிடம் வந்துவிட்டார்.

“ஊரையே கூப்புட்டு அள்ளிட்டுப் போங்கன்னு சொன்ன மாதிரி இல்லையா சார்? பந்தல் சாமான் வித்த பணம் பத்தலன்னா வீட்டுலதானே கை வைப்பாங்க? அவருக்கே அப்பா பாக்கியாம். முதல்ல அவரு எடுத்துக்கிட்டா யாரு கேக்குறது?”

கேள்வி நியாயமானது. கடன் தீர்ந்த பிறகுதான் வாரிசுக்குச் சொத்து. கடனைத் தீர்க்கிறவரே கடன்காரராகவும் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அவரை நீக்கச் சொல்லி மனு தயார் செய்தேன். தாக்கல் செய்வதற்குள் மரைக்காயரிடமிருந்து போன் வந்தது.

“ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் பந்தல் குடோனுக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வாங்க சார். பாக்கி கேக்குறவங்க எல்லாரையும் ஒண்ணா வரச் சொல்லிருக்கேன்.”

2. குடோனில் ஞாயிற்றுக்கிழமை

பந்தல் சாமானை வாங்கியவர் இன்னும் எடுத்துப் போகாத வாடகை நாற்காலிகளிலேயே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரே ஒரு நாற்காலியில் மரைக்காயர். விதி ஒன்றுதான். பாக்கி கேட்பவர் எழுந்து நின்று, எதற்காக, எவ்வளவு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்.

முதலில் பந்தல் ஆட்களைக் கூப்பிட்டுக் கூலியைத் தீர்த்தார். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அடக்கச் செலவு போனதும் கடைசி மூன்று மாதக் கூலி, அப்புறம்தான் மற்றக் கடன்கள். “சட்டம் பாத்துட்டுத்தான் வந்தீங்களா?” என்று கேட்டேன்.

“நாகப்பட்டினத்துல ஒரு வக்கீலக் கேட்டேன். உங்ககிட்ட வரலாம்னா, நீங்க பாப்பா பக்கமாச்சே!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுவை வைத்திருந்த பையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டேன்.

அடுத்து ஜெனரேட்டர்காரர் எழுந்து மாதா கோயில் திருவிழா முழுவதுக்குமான வாடகையைக் கேட்டார். கூலி வாங்கிய கையோடு நின்றிருந்த எலக்ட்ரீஷியன் செல்வம் விடவில்லை.

“அண்ணே, தேர் அன்னிக்கு உங்க ஜெனரேட்டர் எங்க ஓடிச்சு? பாதியில நின்னு, நாங்கல்ல வேற எடுத்தாந்தோம்?”

குடோனே சிரித்தது. ஜெனரேட்டர்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நாள் வாடகையைத் தானே குறைத்துக்கொண்டார். தனியாக வந்திருந்தால் முழுசாக வாங்கியிருப்பார். அதன் பிறகு எழுந்தவர்கள் எல்லோரும் ரொம்ப ஜாக்கிரதையாகப் பேசினார்கள். கல்லறையில் ஏன் அத்தனை பேர் முன்னால் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எல்லோருக்கும் தீர்த்தாகிவிட்டது. சாமான் விற்ற பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். மரைக்காயரின் பாக்கி அதற்குள் அடங்குமா, வீட்டைத் தொடுமா? கூட்டம் கலையத் தொடங்கியது.

“யாரும் போகாதீங்க. இன்னும் ஒரு ஆளு இருக்கு” என்று சொல்லி மரைக்காயர் எழுந்தார். “பாப்பா, நீ வந்து இந்த நாற்காலியில உக்காரு. என் பாக்கிய நானே தீர்த்துக்கக் கூடாது. நீ கேளு.”

அவர் போய், மற்றவர்கள் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டார். ஸ்டெல்லா தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்.

“எதுக்காக மாமா?”

“தார்ப்பாய் மூணு சுருளு. கயிறு.”

செல்வம் வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டான். மரைக்காயர் கவனித்துவிட்டார்.

“என் மூஞ்சியப் பாக்காத தம்பி. பாப்பாவப் பாத்துச் சொல்லு.”

“இல்ல பாய்... ஒரு சுருளு கிழிஞ்சிருந்துச்சு. உங்க கடையிலயே திருப்பிப் போட்டுட்டோம். நீங்க அன்னிக்கு ஊர்ல இல்ல.”

மரைக்காயர் செல்லை எடுத்தார். கடைக்குப் போன் போட்டு மகனிடம் கேட்டார். “ஆமா, கெடக்காம். அதக் கழிச்சுக்க பாப்பா” என்றார். மிச்சப் பணத்தில் அவர் பாக்கி அடங்கிவிட்டது. வேண்டாம் என்று பெருந்தன்மை எல்லாம் காட்டவில்லை. மற்றவர்களைப் போலவே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அதனால்தான் அந்த மனிதர் மேல் எனக்கு மதிப்பு இன்னும் கூடியது.

இப்போதும் உயில் எழுத வருகிறவர்கள், “எக்ஸிக்யூட்டரா யாரப் போடலாம் சார்?” என்று கேட்பார்கள். தன் முறை வரும்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறவரைப் போடுங்கள் என்பேன். புரியாமல் விழிப்பார்கள். இந்தக் கதையைச் சொல்வேன்.

அன்றைக்கு ஸ்டெல்லா அந்த நாற்காலியை விட்டு உடனே எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார்:

“வக்கீல் சார், மாமா மேல ஒரு மனு எழுதுனோமே, அத இங்கயே கிழிச்சுப் போடுங்க.”