மிச்சத்துக்கு வந்த கூடைப்பந்துக்காரன்

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு வீடு வாங்கினோம். மேல்மாடி முன் அறையை வாடகைக்கு விட்டால்தான் சமாளிக்கலாம் என்று என் கணவர் மூலைக்கடைக் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டினார். யாராவது ஊர்ப் பெடியன் வருவான் என்று எதிர்பார்த்தோம். வந்தவன் ஒரு அமெரிக்கன்.

அவனைக் கூட்டிவந்தவர் அந்தப் பகுதியில் இருந்த சின்னக் கூடைப்பந்துக் கழகத்தின் ஆள். ஒவ்வொரு பருவத்துக்கும் அமெரிக்காவிலிருந்து ஒரு விளையாட்டுக்காரனைக் கொண்டுவருவார்களாம். என் கணவர் அவனை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இவன் எங்கட கதவுக்குள்ளாலை எப்பிடி வரப்போறான்?"

குனிந்து வந்தான். என் தம்பியின் வயதுதான் இருக்கும். படுத்தால் கட்டிலுக்கு வெளியே கால் நீண்டது. என் கணவர் கால்மாட்டில் பழைய பெட்டி ஒன்றை வைத்து, மேலே ஒரு குஷனைப் போட்டுக் கொடுத்தார். அவன் என்னை "மேம்" என்று கூப்பிட்டான். அக்கா என்று சொல்லச் சொன்னேன். அது என் பெயர் என்று நினைத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை. அவன் பேசியது ஆங்கிலம். ஆனால் இப்போது நினைத்தால் எல்லாம் தமிழில்தான் கேட்கிறது.

அவனுடைய ஊர் நெப்ராஸ்காவில், சோளக்காட்டுக்கு நடுவே இருந்தது. ஒரு தெரு, ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு பள்ளிக்கூடம். ஊர் எல்லையில் ஒரு பலகை உண்டு என்று சாப்பாட்டு மேசையில் சொன்னான். அந்த ஊரில் பிறந்து பாடகியான ஒரு பெண்ணின் பெயர் அதில் எழுதியிருக்கிறது. அவளுடைய பாட்டு ஒன்றை ஒரு காலத்தில் வானொலியில் அடிக்கடி போட்டார்களாம். அவளுடைய பெயருக்குக் கீழே இடம் விட்டிருக்கிறார்கள்.

"அந்த இடம் உனக்கோ?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் சொல்கிறார்கள்."

"அந்தப் பெண் இப்ப எங்கே பாடுகிறாள்?"

"பாடவில்லை. கலிபோர்னியாவில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புத் துவைக்கிறாள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை."

நானும் அப்போது ஒரு சலவைச்சாலையில்தான் வேலை செய்தேன். ஆஸ்பத்திரி விரிப்புகள் வரும். அதை அவனுக்குச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்காவிலிருந்து அவன் தாய் தொலைபேசி எடுப்பாள். தொலைபேசி படிக்கட்டின் அடியில் இருந்தது. அவன் கடைசிப் படியில் உட்கார்ந்து, முழங்கால் நெஞ்சைத் தொட, அந்த வாரத்து ஆட்டத்தைச் சொல்வான். எத்தனை புள்ளி எடுத்தான் என்பதைத் தாய் உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொல்வாள்; பத்திரிகை போடும். நான் குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் அதே தொலைபேசியில்தான் எனக்கும் செய்தி வந்தது. கொழும்பிலிருந்து சித்தப்பா பேசினார்.

"பிள்ளை, தம்பி போயிட்டான். ஷெல் விழுந்தது. செத்தவீடெல்லாம் அங்கையே முடிச்சாச்சு."

"ஓம்" என்றேன். அவர் இன்னும் ஏதேதோ சொன்னார். எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றேன். அம்மா எங்கள் ஊரில் இருந்தாள். அங்கே தொலைபேசி இல்லை. ரிசீவரை வைத்துவிட்டுப் போய் அடுப்பில் இருந்த சோற்றை வடித்தேன். அடுத்த நாள் ஷிப்டுக்குப் போனேன். அழுகை பிறகு வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவன், மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பெரிய 'பை' ஒன்றோடு குசினிக்கு வந்தான். தங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு யாராவது சாப்பாடு கொண்டுபோவார்கள், தனக்குச் சமைக்கத் தெரியாது, அதனால் கடையில் வாங்கியதாகச் சொன்னான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம், மாமிசம் இல்லை என்று என் கணவர் அவனுக்கு விளக்கினார். அவன் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டான். பிறகு அந்த வாரம் முழுக்க மேலே தன் அறையில் வைத்து அதை அவனே தின்று முடித்தான். எங்கள் குளிர்சாதனப் பெட்டியில்கூட வைக்கவில்லை.

அதற்குப் பின் கொஞ்ச நாளிலேயே ஒரு பயிற்சியில் அவனுடைய முழங்கால் போனது. கழகம் இரண்டு கிழமை பார்த்தது. பிறகு வேறு ஒருவனைக் கொண்டுவந்தது. ஊருக்குப் போகப்போகிறாயா என்று கேட்டோம். "இப்போது இல்லை" என்றான். என் கணவரின் சிநேகிதர் ஒருவர் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவன் அங்கே மூட்டை இறக்கவும் தட்டுகளில் சாமான் அடுக்கவும் போனான்.

"உவனுக்கு ஏணி தேவையில்லை, அக்கா" என்று கடைக்காரர் என்னிடம் சொன்னார். "மேல் தட்டெல்லாம் அவன்ரை கைக்குள்ளை."

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி மட்டும் நிற்கவில்லை. அவன் படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, விளையாடாத ஆட்டங்களை விளையாடினான். எதிரணி எப்படி வந்தது, கடைசி நிமிடத்தில் தான் எப்படிப் பந்தைப் பறித்தான், எல்லாம். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். பிழை என்றும் தோன்றவில்லை, சரி என்றும் தோன்றவில்லை. அந்த மாதங்களில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

வசந்தம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை மதியம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் தொப்பி போட்ட ஒரு வயதானவரும் அவர் மனைவியும் நின்றார்கள். அவர் அவனுடைய பள்ளிக்கூடத்துக் கோச். சுற்றுலா வந்தார்களாம். அவனுக்குத் தெரியாமல் வந்து நிற்க வேண்டும் என்று ஆசை. மனைவி கையில் ஊரார் கொடுத்தனுப்பிய ஒரு பெரிய பை.

"இன்று ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்று அவர் கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு எதுவும் வாயில் வரவில்லை. உண்மையும் வரவில்லை. "அவன் வேலையில் நிற்கிறான்" என்றேன். கோட்டை மாட்டிக்கொண்டு அவர்களைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் கோச்சின் மனைவி எங்கள் தெருவில் பூத்திருந்த மரங்களைப் பற்றிப் பேசினாள்.

அவன் கடை வாசலில் அரிசி மூட்டை ஒன்றைத் தூக்க முயன்றுகொண்டிருந்தான். நல்ல காலில் பாரத்தைப் போட்டு, மற்றதைப் பின்னுக்கு இழுத்து நின்றான். எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். மூட்டையைக் கீழே வைக்கவும் இல்லை.

கோச் அவன் முழங்காலைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து மூட்டையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

"எங்கே வைக்க வேண்டும்?"

"உள்ளே, சார்."

இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். மிச்சம் இருந்த மூட்டைகளையும் அப்படியே தூக்கினார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஆர் அக்கா இவர்?" என்றார். "அவன்ரை வாத்தியார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டேன். எப்போது நடந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்று கோச் கேட்டார். அவன் பதில் சொன்னான். பிறகு அவர் சொன்னார்: "போன மாதம் நீ எடுத்த புள்ளிகளை ஜிம்மில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்."

அவன் மேசையைப் பார்த்தான். "நீங்களே போய் அம்மாவிடம் சொல்லுங்கள், சார்."

"நான் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கு என்ன சொல்வதென்று நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு நீதான் சொல்ல வேண்டும்."

அவன் ஊரில் அப்போது காலை நேரம். அவன் போய்ப் படியில் உட்கார்ந்து எண்ணைச் சுழற்றினான். நாங்கள் குசினியில் இருந்தோம். "அம்மா, நான் குளிர்காலத்திலிருந்தே விளையாடவில்லை" என்பது கேட்டது. பிறகு "ஆமாம் அம்மா", "ஆமாம் அம்மா" என்று மட்டும்.

திரும்பி வந்தவனிடம், "என்ன சொன்னாள்?" என்று கோச்சின் மனைவி கேட்டாள்.

"ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டாள்."

கோச்சின் மனைவி அழுதாள். அவனும் கண்ணைத் துடைத்தான். நானும் இப்போது அழுவேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. கழுவுதொட்டிப் பக்கம் திரும்பிக் கோப்பைகளைக் கழுவினேன். தண்ணீர் நல்ல சூடாக இருந்தது. அது மட்டும் தெரிந்தது.

அடுத்த மாதம் அவன் ஊருக்குப் போனான். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தான். என் தலை அவன் நெஞ்சுக்குக் கீழே இருந்தது. என் கணவர் விமான நிலையம்வரை போய் வந்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பேசுவான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தடவை பேசியபோது பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதாகவும், மாலையில் கோச்சுக்கு உதவியாகப் போவதாகவும் சொன்னான். தன் பஸ்ஸில் வரும் ஒரு பெண் நன்றாக ஓடுகிறாள், பெரிய கல்லூரி ஒன்று அவளைக் கூப்பிட்டிருக்கிறது, ஊரே கூடி வழியனுப்பப் போகிறது என்றான்.

"நீயும் போவாயோ?"

"போவேன், அக்கா. நாற்காலி அடுக்குவது நான்தான்."

நல்லது என்றேன். அடுப்பில் பருப்புப் பொங்கும் சத்தம் கேட்டது. அதைச் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன்.