நலம் விசாரித்து முடித்த பிறகு

குண்டூசிகளைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டே நமூலியக்கா கேட்கிறார்: "கடைசியா எப்ப குளிச்ச?"

கேள்வி, மறதி நோய் கண்ட என் அப்பாவுக்கு இல்லை. அவரைப் பார்த்துக்கொள்ளும் என் அக்கா நசோஸிக்கு.

நமூலியக்கா எங்கள் ஊரான மசாகாவில் தையல்கடை வைத்திருக்கிறார். இதே நோயில் விழுந்த மாமனாரை ஒன்பது வருடம் பார்த்து அடக்கம் செய்தவர். வியாழக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு இப்படி ஐந்து வீடுகளுக்குப் போகிறார். "நோயாளிக்கு டாக்டர் இருக்காரு. இவளுக்கு யாரு இருக்கா?" மடியில் எவருடைய பாவாடையோ பாதி மடிப்பில் கிடக்கும். எதிரில் இருப்பவள் அழுதால் தையலை நிறுத்த மாட்டார். நிறுத்தினால் அவள் அழுகையை விழுங்கிவிடுவாளாம். சிரிப்பு வந்தால் மட்டும் ஊசிகளை உள்ளங்கையில் துப்பிக்கொள்வார். என்னைப் பார்த்தால் அடிக்கடி துப்ப வேண்டியிருக்கிறது.

நியாயம்தான். நான் மாதம் ஒருமுறை தலைநகர் கம்பாலாவிலிருந்து வருவேன், பையில் ஒரு கவிதைத் தொகுப்போடு. அப்பாவும் நானும் எங்கள் ஊர் முறைப்படி நலம் விசாரித்துக்கொள்வோம். எப்படி விடிந்தது, வீட்டார் சுகமா, உழைத்ததற்கு நன்றி, ம்ம், ம்ம் என்று அது நீளும். அப்பா ஒரு வரி பிசகியதில்லை. எனக்குக் கண் கலங்கும். கலங்கிய கண்ணோடு அடுத்த வேனைப் பிடித்துவிடுவேன். "அப்பா நல்லாத்தான் இருக்காரு, அக்காதான் பெருசுபடுத்துது" என்று அண்ணன்களுக்குச் சொன்னதும் நானே. எதையும் நுணுக்கமாகக் கவனிப்பவன் என்று வீட்டில் எனக்குப் பெயர். அதனால் நம்பிவிட்டார்கள். சித்தப்பாக்கள் அக்காவைச் சோம்பேறி என்றே தீர்மானித்துவிட்டார்கள். அவளுக்கு உதவியாக ஓர் ஆள் வைப்பதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூடி முடிவு செய்யப்போகிறது. சாட்சி நான்.

இதைக் கேட்டதும் நமூலியக்கா ஊசிகளைத் துப்பினார்.

"உங்கப்பா உன்னை அடையாளம் கண்டுக்கிட்டாரா தம்பி?"

"ஐயான்னு கூப்பிட்டாரே."

"காலையில வாழைக்குலை இறக்குனவனையும் ஐயான்னுதான் கூப்பிட்டாரு. அவ்வளவு நேரம் விசாரிச்சாரே, உன் பேரு எங்க வந்துச்சு?"

பையிலிருந்த கவிதைத் தொகுப்பை எடுத்துப் புரட்டினேன்.

"விடுங்கக்கா, அவன் கவிதை படிக்கிற பிள்ளை" என்றாள் நசோஸி. அதற்கு அவள் திட்டியே இருக்கலாம்.

"படிக்கட்டும்டி. விசாரிச்சு முடிச்சப்புறம் என்ன நடக்குதுன்னும் ஒருநாள் உக்காந்து பாக்கட்டும்."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். பதினொரு மணி வேன் ஞாபகத்தில் இருந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "எப்படி விடிஞ்சுது, ஐயா?" புது விருந்தாளிக்குக் காட்டும் கனிவு. பதில் சொன்னேன், முழு நீளத்துக்கும். முடிந்தது. சற்று நேரம் தன் முழங்கால்களைப் பார்த்தார். "எப்படி விடிஞ்சுது, ஐயா?"

நாலாவது சுற்றில் என் குரல் கடுகடுத்தது. அப்பாவின் முகம் சுருங்கியது. கண்ணில் நீர் கோத்தது. மாதம் ஒருமுறையல்ல, மூன்று வருடமாக நாள் முழுக்க அக்கா இதற்குக் கனிவாகவே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நமூலியக்கா அவளைக் கைபிடித்து எழுப்பினார். "வாடி, தலை பின்னிக்கிட்டு வரலாம். வெயில் சாயறவரைக்கும் ஆகும்."

வாசலில் குனிந்தார். நான் கழற்றிப் போட்டிருந்த காலணிகளை எடுத்துத் தூசி தட்டினார். ஜோடி சேர்த்துத் தன் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.