நான் பார்க்காத பச்சை

அறுபதுகளில் ஒரு சாரல் காலம். குற்றாலத்து விடுதியில் பக்கத்து அறைக்காரர் கல்லூரி ரசாயன ஆசிரியர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்குக் கம்பிக்குப் பதில் நூல் கட்டியிருப்பார். முள்ளங்கிச் சாற்றிலிருந்து பிரித்த என்சைமில் பெராக்சைடு விட்டால், அதன் இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்கும் கணத்தில் பழுப்பு பச்சையாகும், உடனே சிவந்துவிடும் என்றார். குளிரில் பச்சை சற்று நிற்குமென்று என்சைம் இருந்த சோதனைக் குழாயை அருவித் தண்ணீரில் வைத்திருந்தார்.

“காலேஜ்ல ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான். நீங்கதான் சாட்சி அண்ணாச்சி. மிச்சம் இவ்வளவுதான் இருக்கு.”

பெராக்சைடு ஒரு சொட்டு விட்டார். டைரியில் நேரம் குறிக்க நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது குழாய் சிவந்திருந்தது.

“பச்ச தெரிஞ்சுதுல்லா?”

“வாட்ச்சப் பாத்துட்டேன்.”

“சரியா எத்தன மணி?” என்று சிரித்தபடியே குழாயைக் கழுவினார்.

நாலு மணி பத்து நிமிடம். டைரியில் இருக்கிறது. நிறத்துக்கு விட்ட இடம் மட்டும் இன்றும் காலி.