மலை பாடாத நாள்

1. வேலையில் சேர்ந்தது

பாட்டுக்கு ஆள் வேண்டும் என்றதும் நடவு வேலை என்று நினைத்துத்தான் போனேன். என்னோடு சேர்த்து நடவுப் பாட்டு பாடுகிற ஆறு பெண்களைக் கூப்பிட்டிருந்தார் அருளப்பன் அண்ணன். எங்கள் மாதா கோயில் உபதேசியாரின் மகன். பாட்டுக் கட்டுவதற்கென்றே மெட்ராஸில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். பாட்டுக்கு எதற்குப் படிப்பு என்று ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரியவில்லை. கேட்கக் கூச்சம். வயலுக்குப் போகாமல் செஞ்சிக் கோட்டைக்குள் கூட்டிப்போனபோதும் கேட்கவில்லை. ராஜகிரி மலைப் பாறைக்கு எதிரே, புளியமரத்தடியில் நிறுத்தினார்.

"கடைசிப் பரீட்சைக்கு நானே ஒரு பாட்டுக் கட்டியிருக்கேன். நீங்க பாடினா மலை திருப்பிப் பாடும். அந்த எதிரொலிதான் என் பாட்டுல இரண்டாம் குரல்."

"அப்போ மலைக்கும் கூலி உண்டா தம்பி?" என்றாள் ஞானம்மா அக்கா. எங்களில் மூத்தவள்.

"சிரிக்காதீங்கக்கா. தேறலன்னா நைனா படிப்பை நிறுத்திட்டு என்னைத் தாலுகா ஆபீஸ்ல எழுத உக்கார வெச்சிடுவாரு."

2. குறுக்கே பாடுவது

நடவில் இரண்டு வரிசை எதிரெதிராக நின்று பாடும். ஒரு வரிசை வரியை முடித்தால்தான் மற்றது எடுக்கும். குறுக்கே பாடினால் சண்டை வரும். எதிர் வரிசைக்கு மூச்சு வாங்கிப் பாட முடியாமல் போனால், அந்த வரியை அப்படியே விடக்கூடாது. இந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி அவர்களுக்காகப் பாடிவிட வேண்டும்.

ஆகவே மலை பாடத் தொடங்கியதும் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

"ஏன் நிக்கறீங்க? அது பாடும்போதே அடுத்த வரியை எடுங்க!"

"அது முடிக்கட்டும் தம்பி. ஒரு ஆளு பாடும்போது மேல ஏறிப் பாடறது இன்னா மரியாதை?"

"அது ஆளு இல்லக்கா, பாறை."

"பாறையா இருந்தா இன்னா? பாடுது இல்ல?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு குச்சியால் மரத்தைத் தட்டித் தட்டி, தட்டினால் எடு, மலையைக் கேட்காதே என்று பழக்கினார். கேட்காமல் இருக்க வேண்டுமானால் மலை எதற்கு? எனக்குக் குழப்பம்தான். ஆனாலும் பழகிவிட்டோம்.

3. பரீட்சை

மெட்ராஸிலிருந்து பரீட்சை அதிகாரி ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். அன்று ஆடிக் காற்று. முதல் வரியைப் பாடினோம். காற்று குரலை அள்ளிக்கொண்டு போனது. மலை பாடவில்லை.

அண்ணன் தட்டவில்லை. குச்சி பிடித்த கை அப்படியே நின்றது. நிறுத்தச் சொல்கிறாரா, காத்திருக்கச் சொல்கிறாரா? ஞானம்மா அக்கா என்னைப் பார்த்தாள், நான் மலையைப் பார்த்தேன். எதிர் வரிசைக்கு மூச்சு வாங்குகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. என்னை அறியாமல் அதன் வரியை நானே மெல்லப் பாடினேன். உடனே மரத்தில் தட்டுச் சத்தம் கேட்டது. மற்றவர்கள் என் குரல்மேல் ஏறி அடுத்த வரியை எடுத்தார்கள். கடைசிவரை இப்படியே போனது.

அதிகாரி குடையை மடக்கினார். "மலை எங்கேப்பா?"

அண்ணன் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இன்னிக்கு அதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சி சாமி," என்றாள் ஞானம்மா அக்கா.

அதிகாரி சிரிக்கவில்லை. வண்டி ஏறிப் போய்விட்டார். அண்ணன் வேர்மேல் உட்கார்ந்து, "போச்சு" என்றார். அவர் படிப்பைக் கெடுத்தது நான்தான் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

4. அதன்பிறகு

நெல் கதிர் விட்ட சமயத்தில் அண்ணன் வந்தார்.

"தேறிட்டேன் ஆரோக்கியம்."

"என்னாலயா அண்ணே, இல்ல நான் கெடுத்தும்கூடவா?"

"தெரியல. அதிகாரி, 'மலை வராட்டா இன்னா செய்யறதுன்னு நீ பாட்டெழுதின தாள்ல இல்லை, ஆனா அவங்க செஞ்சாங்க'ன்னார். திட்டினாரா மெச்சினாரான்னு எனக்கே புரியல." பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்து, "இரண்டாம் குரல் மலைன்னு தாள்ல போட்டிருக்கேன். அதை அடிச்சிட்டு உன் பேரை எழுதட்டுமா?" என்றார்.

வெட்கத்தில் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன்.

பின்னால் அவர் நாடகக் கம்பெனிக்குப் பாட்டுக் கட்டப் போனபோது என்னைக் கோரஸில் சேர்த்தார். தலை நரைக்கும்வரை அங்கேதான் பாடினேன். எடுக்க வேண்டியவர் எடுக்காத நாள் அங்கேயும் எத்தனையோ வந்தது. கோரஸுக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். எதிர்க்குரல் வராவிட்டால் அந்த வரியை விட்டுவிடாதீர்கள், பாடிவிடுங்கள். சரியா தப்பா என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். சொல்ல ஆள் கிடைப்பது நிச்சயமில்லை. எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.