மாவுக் கடையில் போட்ட சிஜிபிஏ கணக்கு

“அத்தை... ரிசல்ட் வந்திருச்சு! ஓடி வாங்க!”

போன வியாழக்கிழமை காலை, நாகல் நகரில் எங்கள் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல். கத்தியது நிவேதா. எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கிற செல்வியின் மகள். எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ், கடைசி செமஸ்டர்.

கேம்பஸ் இன்டர்வியூவில் அவளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. ஆனால் ஒரு கண்டிஷன் — படிப்பை முடிக்கும்போது சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி, பத்துக்கு 7.5 இருக்க வேண்டும். மூன்று செமஸ்டர் முடிந்தபோது கையில் இருந்ததோ வெறும் ஏழு. அரைப் புள்ளிதானே என்கிறீர்களா? அந்த அரைப் புள்ளிக்காக அந்தப் பெண் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள்.

மூன்று மாதம் முன்னால் மாவு வாங்கப் போனபோது, நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். நமக்குத்தான் சும்மா இருக்க வராதே... ஸ்கூலில் கணக்கில் சென்டம் வாங்கியவளாயிற்றே! “தா, நான் போட்டுத் தாரேன்” என்று பேனாவைப் பிடுங்கினேன்.

நாலு செமஸ்டருக்கும் சராசரி ஏழரை என்றால் மொத்தம் முப்பது. மூன்றில் இருபத்தொன்று வந்தாச்சு. மிச்சம் ஒன்பது. “இந்த செமஸ்டர்ல ஒம்போது எடுக்கணும்டி” என்று தீர்ப்புச் சொன்னேன்.

அவள் முகம் செத்துப்போனது. “இதுவரைக்கும் எந்த செமஸ்டர்லயும் எட்டக்கூட தொட்டதில்ல அத்தை...”

மாவை அள்ளி என் தூக்கில் ஊற்றிக்கொண்டிருந்த செல்வி திரும்பினாள். “ஏக்கா, எல்லாத்துக்கும் ஒரே மதிப்பா? நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து போடுறேன். ரெண்டையும் ஒரே அளவுல போட்டு ஆட்டுனா இட்லி என்னத்துக்கு ஆகும்?”

நிவேதா துள்ளி எழுந்தாள். “ஐயோ, கிரெடிட்! கிரெடிட்ட விட்டுட்டோம் அத்தை!”

கிரெடிட் என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை. மறுபடி போட்டோம். முதல் மூன்று செமஸ்டருக்கும் சேர்த்து அறுபது கிரெடிட். கடைசி செமஸ்டருக்கு மட்டும் முப்பது. அதிலும் புராஜெக்ட் ஒன்றுக்கே இருபது! அப்படியானால் ஒன்பது வேண்டாம், எட்டரை போதும். புராஜெக்டில் ஒன்பது, ஒரு பேப்பரில் எட்டு, இன்னொன்றில் ஏழு... அவ்வளவுதான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஆனால் அதுவரை நிவேதா என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? ஐந்து கிரெடிட் பேப்பர் இரண்டையும் விடிய விடிய மனப்பாடம். இருபது கிரெடிட் புராஜெக்ட் லேப்டாப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. நாம் மட்டும் என்ன ஒழுங்கு? கல்யாணப் பத்திரிகையின் கலருக்கு மூன்று வாரம் அடித்துக்கொள்வோம். சமையல்காரரைக் கடைசி நேரத்தில் தேடுவோம். சின்ன கிரெடிட்டுக்கே உயிரை விடுகிற கூட்டம் நாம்.

அன்றைக்கே புராஜெக்டைத் தட்டி எழுப்பினாள்.

இப்போது ரிசல்ட். மாவு வாங்க எடுத்த தூக்கோடு ஓடினேன். செல்போன் திரையில் மூன்று பேர் தலையும் முட்டிக்கொண்டன. புராஜெக்ட் — ஒன்பது! முதல் பேப்பர் — ஆறு. ஆறா? இரண்டாவது பேப்பர்... ஒன்பது!

சிஜிபிஏ 7.50. ஒரு பொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை!

செல்வி மாவுக் கையோடு மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சந்தோஷம் தாங்காமல், “பெங்களூருக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு நான் கணக்குப் போட்டுத் தரட்டுமா?” என்றேன்.

செல்வி மாவு நிரப்பிய தூக்கை என் கையில் திணித்தாள். “வேணாங்க்கா... நீங்க போய் இட்லி ஊத்துங்க!”